'மீடியா ட்ரையல்': 'ஊடக விசாரணை' பொருந்துமா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் 'மீடியா ட்ரையல்' என்பதற்கு 'ஊடக விசாரணை' என்று இட்டிருக்கிறோம். இதை மாற்றியாக வேண்டும். காவல்துறை துப்புத் துலக்குவதும் விசாரணை, ஆணையம் கேட்பதும் விசாரணை, நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதும் விசாரணை. முன்னால் 'ஊடக' சேர்த்தால், மறைத்த முறைகேட்டை ஆவணத்தோடு வெளிக்கொணரும் புலனாய்வு இதழியலுக்கே அந்தப் பெயர் போய்ச் சேரும். அது நமக்கு வேண்டிய பணி. வழக்கு முடியுமுன் ஒருவரைக் குற்றவாளி என்று அறிவித்துவிடுவதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

'முன்தீர்ப்பு' எனலாமா?

*

ஐயா, விசாரணையை விட்டுத் தீர்ப்புக்கு வந்தது சரி. ஆனால் முந்தைய வழக்குகளில் வந்த தீர்ப்பையும் 'முன்தீர்ப்பு' என்கிறோம். தீர்ப்பான வழக்கை மீண்டும் தொடுக்க விடாத 'ரெஸ் ஜூடிகேட்டா' விதிக்கு 'முன்தீர்ப்புத் தடை' என்பதும் வழக்கில் இருக்கிறது. குழப்பம் வரும். 'முந்துதீர்ப்பு' என்று வினைத்தொகையாக ஆக்கலாம். இடையில் ஒற்று மிகாது.

'ஊடக' என்ற அடையை நிரந்தரமாக ஒட்டவும் வேண்டாம். 1976இல் பிரான்சில் உயர் காவல் அதிகாரிகள் செய்தியாளர் கூட்டத்திலேயே, கைதான ஒருவரைக் கொலையைத் தூண்டியவர் என்றார்கள். அது குற்றமற்றவர் எனக் கருதப்படும் உரிமையை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அங்கே முந்திக்கொண்டது அரசு. ஆகவே ஊடக முந்துதீர்ப்பு, அதிகாரி முந்துதீர்ப்பு, மக்கள் முந்துதீர்ப்பு என்று தேவைக்கேற்ப அடை சேர்த்துக்கொள்ளலாம்.

விளக்கக் குறிப்பில் 'அவப்பெயர் உண்டாகும்' என்று மட்டும் எழுதினால் போதாது. வழக்கே கெட்டுப்போகிறது. பலரை நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்புக்கு முன் கைதானவரின் முகம் வெளியானால், சாட்சி சம்பவத்தில் கண்ட முகத்தைக் காட்டுகிறாரா, படத்தில் கண்டதையா என்று பிரிக்க முடியாது. உண்மையான குற்றவாளியும் இதனால் தப்பலாம். வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலத்தை நீதிமன்றம் ஒதுக்கும். ஆனால் அது செய்தியில் வந்துவிட்டால், படித்தவர் மனத்திலிருந்து யார் ஒதுக்குவது? அங்கே குறுக்கு விசாரணையும் கிடையாது.

அமெரிக்காவின் 'ஷெப்பர்ட் எதிர் மாக்ஸ்வெல்' வழக்கைச் சேர்க்கலாம். குற்றவாளியா இல்லையா என முடிவு செய்யும் பொதுமக்களான ஜூரிகளின் பெயரும் முகவரியும் நாளிதழ்களில் வந்தன. செய்தியாளர்கள் மிக அருகில் அமர்ந்திருந்ததால் குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கறிஞரிடம் தனியே பேசவும் இயலவில்லை. 1954இல் விதித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 1966இல் நீக்கியது. அதே ஆண்டு மறுவிசாரணையில் விடுதலை. வழக்கைத் தள்ளிவைத்தல், வேறு ஊருக்கு மாற்றுதல், ஜூரிகளைத் தனிமைப்படுத்தல், வழக்குத் தரப்பினர் வெளியே பேசுவதைக் கட்டுப்படுத்தல் ஆகிய வழிகளை அத்தீர்ப்பு சுட்டியது.

*

'முந்துதீர்ப்பு' எனக்கு உடன்பாடு. ஒன்றைத் தெளிவாக்குங்கள். நீதிமன்றத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுவதும், வந்த தீர்ப்பைக் கடுமையாக விமர்சிப்பதும் இதில் அடங்கா. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 14ஆம் உறுப்பு, குற்றமற்றவர் எனக் கருதப்படும் உரிமையோடு வெளிப்படையான விசாரணையையும் கேட்கிறது. மூடிய கதவுக்குள் நடக்கும் வழக்கில் அநீதி எளிது. இந்தச் சொல்லைக் காட்டிச் செய்தியாளர் வாயை அடைக்க யாருக்கும் இடம் தரக்கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. விடுதலையான பின்னும் ஒருவரைக் குற்றவாளி என்றே சொல்லிவந்தால் 'முந்து' பொருந்தாது. அதற்குத் தனிச்சொல் வேண்டும். 'தீராப்பழி'யை முன்வைக்கிறேன், மாற்று இருந்தால் எழுதுங்கள்.

*

ஏற்கிறேன். பட்டியலில் இப்படிப் போகட்டும்:

முந்துதீர்ப்பு (பெயர்ச்சொல்): நீதிமன்றம் முடிவு கூறுமுன், குற்றம் சாட்டப்பட்டவரைக் குற்றவாளியாக ஊடகமோ அதிகாரியோ பொதுமக்களோ அறிவித்தல். நடவடிக்கைகளை உள்ளபடி செய்தியாக்குவது இதில் சேராது.

எடுத்துக்காட்டு: "காவல்துறையின் முந்துதீர்ப்பைக் காரணம் காட்டி, வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரினார்."

'தீராப்பழி'யைத் தனி இழையில் பேசுவோம்.