வயிற்றுவழி டயாலிசிஸ் கையேடு: ஆஸ்மோசிஸுக்கு எந்தச் சொல்?

அன்பர்களே,
வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் (சிறுநீரகம் செயலிழந்தவர் வயிற்றுக்குள் பைநீரை விட்டு இரத்தத்தின் கழிவை நீக்குவது) செய்துகொள்வோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாடநூல் வழக்கப்படி டிஃப்யூஷனுக்குப் 'பரவல்', ஆஸ்மோசிஸுக்குச் 'சவ்வூடு பரவல்' என்று எழுதியிருந்தேன். மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கேட்பது நியாயம். இரத்தத்திலிருக்கும் யூரியா, வயிற்றுக்குள் விட்ட பைநீருக்கு வருவதும் உள்ளுறைச் சவ்வைக் கடந்துதான். ஆனால் அது வெறும் பரவல். பைநீரிலுள்ள குளுக்கோஸ் உடம்பின் மிகைநீரை இழுக்கிறதே, அதுதான் ஆஸ்மோசிஸ். 1.5%, 2.5%, 4.25% என்று பைகள் வருவதும் அதற்காகவே; அடர்த்தி கூடினால் நீர் கூடுதலாக இறங்கும். இரண்டுமே சவ்வூடு நடக்க, ஒன்றுக்கு மட்டும் அந்தப் பெயரா?

———

ஐயா,
வேறுபாடு சவ்வில் இல்லை, நகரும் பொருளில் இருக்கிறது. கரைபொருள் நகர்ந்தால் பரவல். கரைபொருள் எளிதில் கடக்க முடியாமல் நிற்க, கரைப்பான் நகர்ந்தால் ஆஸ்மோசிஸ். எனவே அதன் பெயரில் 'பரவல்' வரவே கூடாது.
டிஃப்யூஷனுக்கு 'விரவல்' இருக்கிறது. இருதிணைக்கும் பொதுவான பெயரை இலக்கணத்தார் விரவுப்பெயர் என்றது நினைவிருக்கும். ஆஸ்மோசிஸின் கிரேக்க வேர் உந்துதலைக் குறிப்பது. நாமும் 'உந்தல்' என்போம். கொப்பூழைக் குறிக்கும் 'உந்தி'யும் இதன் உறவே என்பது என் கருத்து. வயிற்றுவழிச் சிகிச்சைக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

———

வணக்கம்.
யாழ்ப்பாணத்தில் நாங்கள் படிப்பித்தது 'பரவல்', 'பிரசாரணம்'. சிலவற்றை மட்டும் கடக்கவிடும் சவ்வு, 'பங்கூடுபுகவிடும் மென்சவ்வு'. நீளம்தான், ஆனாலும் பிள்ளைகள் இரண்டு நிகழ்வையும் குழப்பியதில்லை. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லையே. 'உந்தல்' தயவுசெய்து வேண்டாம். பையைக் கையால் அழுத்தச் சொல்கிறார்கள் என்று நோயாளி விளங்கிக்கொள்வார்.

———

அம்மா,
பிரசாரணம் வடசொல் என்பது ஒருபுறம். அதன் பொருளும் பரப்புதல்தான். சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வருகிறோம். 'நீரீர்ப்பு' என்றால் படிக்காதவருக்கும் புரியும்.

———

அன்பர்களே,
நாளை கோப்பை அனுப்பியாக வேண்டும். பெரும்பாலோர் நீரீர்ப்புக்குச் சம்மதம் என்பதால் இப்படி எழுதியிருக்கிறேன்: "யூரியா பைநீருக்குள் பரவுகிறது. பைநீரிலுள்ள குளுக்கோஸ் மிகைநீரைத் தன் பக்கம் ஈர்க்கிறது, இது நீரீர்ப்பு." முதல் இடத்தில் மட்டும் 'ஆஸ்மோசிஸ்' என்பதையும் சேர்த்திருக்கிறேன். மருத்துவமனையில் காதில் விழுவது அதுதான்.

———

ஐயா,
கையேட்டுக்குச் சரி. அகராதிக்குள் இதை ஏற்றாதீர்கள். கரைப்பான் எல்லா இடத்திலும் நீர்தானா? ஆல்கஹால் சவ்வைக் கடந்தால் அதையும் நீரீர்ப்பு என்போமா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். விரவலைப் பற்றி ஒருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.