நம்ம பண்ணவாடி குடும்பம் (வாட்ஸ்அப் குரூப்)

பிரபு: 📷 பெரியப்பா, பசங்கள கூட்டிட்டு மேட்டூர் வந்துருக்கேன், 120 அடி ஃபுல்லு, டேம்ல பதினாறு ஷட்டர்லயும் தண்ணி எப்படி கொட்டுது பாருங்க

பெரியப்பா: நல்லாருக்கு கண்ணு. ஆனா நீ எடுத்துருக்கறது டேம் இல்ல, பதினாறு கண் மதகு. டேம் நெறஞ்சப்பறம் மிச்ச தண்ணி போறதுக்கு தனியா கட்டுனது. பிளான் போட்ட இஞ்சினியர் எல்லிஸ் பேருதான் அதுக்கு. டேம் சுவரு 5300 அடி நீளம், அதையும் எடுத்து அனுப்பு. பசங்கள தண்ணிகிட்ட விடாத

ரம்யா: எப்ப பெரியப்பா கட்டுனாங்க, பாப்பா கேக்கறா

பெரியப்பா: 1924ல மதராசும் மைசூரும் ஒப்பந்தம் போட்டப்பறம்தான் வழி பொறந்துச்சு. 1925ல வேல ஆரம்பிச்சு 1934 ஆகஸ்ட் 21 தெறந்தாங்க. கவர்னர் ஸ்டான்லி தெறந்ததால ஸ்டான்லி நீர்த்தேக்கம். 93.47 டிஎம்சி புடிக்கும். அந்த தண்ணிக்கு அடியிலதான் நம்ம பழைய ஊரு இருக்குன்னு பாப்பாகிட்ட சொல்லு. உங்க தாத்தாவுக்கு அப்ப எட்டு வயசு, வாசக்கால் கதவு எல்லாம் கழட்டி மாட்டு வண்டியில ஏத்திகிட்டு மேட்டுக்கு வந்தாங்களாம், ஜலகண்டேசுவரர் கோயில் நந்திய அங்கயே விட்டுட்டு வந்தோம்னு கடைசி வரைக்கும் சொல்லிகிட்டே இருந்தாரு

தஞ்சாவூர் அத்தை: அண்ணா எனக்கு அழுகையே வருது. என்ன கட்டிக்குடுத்த வருஷம் அப்பா இங்க வந்தப்ப வீட்டுக்குள்ள கூட வரல, நேரா வாய்க்காலுக்கு போயி தண்ணிய கையில அள்ளி பாத்துட்டு நின்னாரு, நம்ம ஊரு தண்ணி ஆயான்னு மட்டும் சொன்னாரு. இங்க எல்லாரும் ஜூன் 12 டேம் தெறப்பாங்களான்னுதான் பாத்துகிட்டு இருப்பாங்க, அத நம்பித்தான் குறுவைக்கு நாத்து விடறோம்

பிரபு: எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது அத்தை. நந்திய பாக்க முடியுமா பெரியப்பா

பெரியப்பா: தண்ணி எறங்குனா மொதல்ல சர்ச்சு கோபுரம் தெரியும், 70 அடிக்கும் கீழ போனா நந்தி தெரியும். ஆனா ஜூன்ல அப்படி கெடந்தா உங்க அத்தை ஊட்டுல குறுவை இல்ல

தஞ்சாவூர் அத்தை: நந்தி தண்ணிக்குள்ளயே இருக்கட்டும் சாமி, பசங்களுக்கு போட்டோ காட்டிக்கலாம்

பெரியப்பா: முன்ன எறங்குனப்ப எடுத்தது எங்கிட்ட இருக்கு, தேடி ராத்திரி அனுப்பறேன்