குதிரைத் தீவனச் செலவைக் குறைக்க வழி உண்டா?

கேள்வி (உடுமலைப்பேட்டை):
வணக்கம். திருமண ஊர்வலங்களுக்காக இரண்டு குதிரைகளை வளர்த்து வருகிறேன். கொள்ளு, கோதுமைத் தவிடு, உலர்புல் என எல்லாவற்றின் விலையும் ஏறிக்கொண்டே போவதால், முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் தீவனத்துக்கே கடன் வாங்க வேண்டியிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் மலிவாகக் கிடைக்கும் கம்பு நேப்பியர் புல்லையே முழுத் தீவனமாகக் கொடுக்கலாமா?

பதில் 1:
வேண்டாம் ஐயா. மாட்டுக்கு அது நல்ல தீவனம்தான்; ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுப்பதால், மாதக்கணக்கில் அதையே தின்னும் குதிரைக்கு எலும்பு வலுவிழந்து முகம் புடைத்துவிடும். தவிடு மிகுந்தாலும் இதே கேடுதான். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 5 அல்லது 6 கிலோ உலர்தீவனம் தேவை. வேலையில்லாத மாதங்களில் கொள்ளைக் குறையுங்கள், உலர்புல்லில் கை வைக்காதீர்கள்.

பதில் 2:
சிறிது நிலமும் பாசன வசதியும் இருந்தால் குதிரை மசால் என்ற தீவனப் பயிரை விதையுங்கள். விதைத்த 75 முதல் 80 நாட்களில் முதல் அறுப்பும், பிறகு 25 முதல் 30 நாட்களுக்கு ஒருமுறை அடுத்தடுத்த அறுப்பும் கிடைக்கும். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதில் நிறைய உண்டு.

பதில் 3:
எந்தத் தீவன மாற்றத்தையும் 7 முதல் 10 நாட்களில் படிப்படியாகச் செய்யுங்கள். திடீரென மாற்றினால் குடல் முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். லத்தியில் முழுக் கொள்ளு தெரிந்தால், பற்களின் ஓரம் கூர்மையாகி மெல்ல முடியாமல் தீவனம் வீணாகிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் அராவச் சொல்லுங்கள்.