கேட்டுல இருந்து தொட்டி வரைக்கும் மட்டும் பைப் மாத்தினா போதுமா? (அம்மாபேட்டை)

தறிவீட்டு மருமகள்:
எங்க வீடு அம்மாபேட்டையில. சேலம் மாநகராட்சி ஆச்சே 1994, அந்த வருஷம் மாமனார் கட்டினது. தெருவுல இருந்து தரைத்தொட்டிக்கு வர்றது அப்பப் போட்ட முக்கால் இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்தான், போர்டிகோ டைல்ஸுக்கு அடியில 38 அடி. ஒரு வருஷமாவே வரத்து கம்மி. இப்ப முதல் ரெண்டு குடம் டீத்தண்ணி கலர்ல வருது. பக்கத்து வீட்டுல சத்தத்தோட கொட்டுது, எங்களுக்கு நூல் மாதிரி இறங்குது.

மூணு பேரைக் கூப்பிட்டுக் காட்டினோம். முதல் ஆள் பைப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கல. நின்ன இடத்துலயே "வீடு பூரா சுவரை உடைச்சு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போட்டுடலாம், 62,000"ன்னார். ரெண்டாவது ஆள் பழையபடி ஜி.ஐ.தான் போடணும்கறார். மூணாவது ஆள் நல்லாப் பேசினார், 8,000 அட்வான்ஸ் வாங்கினார், ரெண்டு டைல்ஸைப் பேர்த்துட்டுப் போனார். பதினோரு நாளாச்சு. போன் பண்ணா "மேட்டூர் சைட்டுல இருக்கேங்க்கா"ங்கறார். மாமியார் குழியில கால் வெச்சுடக் கூடாதுன்னு மேல நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். ஆடிப் பண்டிகைக்கு நாத்தனார் குடும்பம் வேற வருது.

சுவத்துல கை வைக்கணுமா, வெளி லைன் மட்டும் போதுமா?

சூரமங்கலம் பிளம்பர்:
அக்கா, முதல்ல ஒரு குடத்தை எடுங்க. தண்ணி விடற அன்னிக்கு கேட்டுக்கு உள்பக்கம் இருக்கற யூனியனை (பைப்பைக் கழட்டி மாட்டற இணைப்பு) கழட்டி அங்க ஒரு குடம் பிடிங்க, மாட்டிட்டு தொட்டி வாயில ஒரு குடம் பிடிங்க. ரெண்டுக்கும் நேரம் பாருங்க. கேட்டுலயே மெதுவா வந்தா கோளாறு ரோட்டுப் பக்கம். அதை மாநகராட்சி ஆளுங்கதான் தொடணும், ரோடு வெட்ட எழுதிக் கொடுத்துப் பணம் கட்டணும். கேட்டுல நல்லா வந்து தொட்டியில வரலைன்னா அந்த 38 அடிதான். சுவத்துக்குள்ள இருக்கறது மாடித் தொட்டியில இருந்து இறங்கற பைப், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஜி.ஐ. வேண்டாம். நமக்கு தினமும் தண்ணி விடறதில்ல, விடாத நாள்ல பைப்புக்குள்ள ஈரமும் காத்தும் சேர்ந்து துருவேறும். 25 எம்.எம். எச்.டி.பி.இ. (வளையற கறுப்பு பிளாஸ்டிக் பைப்) சுருளா வாங்கினா நடுவுல ஜாயிண்டே வராது. இன்னொண்ணு, அந்த முதல் குடத்தை மோந்து பாருங்க. பைப்புல ஓட்டை இருந்தா, தண்ணி நின்னதும் வெளி அழுக்கை உள்ள இழுக்கும். சாக்கடை வாடை அடிச்சா குடிக்க எடுக்காதீங்க.

ஏற்காடு மிளகு:
எங்க காபித் தோட்டத்துல அந்தக் கறுப்பு பைப்தான். பாறையில எங்க பள்ளம் தோண்டறது, மேலாகவே கிடக்கு. காட்டுமாடு மிதிச்சும் தாங்குது. சி.பி.வி.சி.யை மட்டும் வெயில்ல போட்டுடாதீங்க, நாளாவட்டத்துல நொறுங்கும்.

சாமானை நீங்களே பில்லோட வாங்குங்க, ஆளுக்குக் கூலி மட்டும் பேசுங்க. மண்ணைத் தள்றதுக்கு முன்னாடி தண்ணி விட்டுப் பார்க்கணும், அதுவரைக்கும் கடைசித் தவணை உங்க கையில இருக்கட்டும். பள்ளம் திறந்திருக்கும்போதே டேப் வெச்சு போட்டோ எடுத்துக்குங்க. நான் எடுக்காம விட்டுட்டு, அடுத்த வருஷம் என் கடப்பாரையாலயே என் பைப்பைக் குத்தினேன்.

தறிவீட்டு மருமகள்:
குடம் பிடிச்சோம். கேட்டுல 40 செகண்ட், தொட்டியில அஞ்சு நிமிஷத்துக்கு மேல. பக்கத்துத் தெரு பிளம்பரைக் கூப்பிட்டு வெளி லைனை மட்டும் மாத்தியாச்சு. சாமான், கூலி, டைல்ஸ் எல்லாம் சேர்த்து 13,500. பழைய பைப்பை அறுத்ததும் மாமனார் தறியில இருந்து ஒரு தார்க்குச்சியை (ஊடைநூல் சுத்தற குச்சி) எடுத்துட்டு வந்து உள்ள விட்டுப் பார்த்தார். நுனிகூட நுழையல, அவ்வளவு துருக்கட்டி.

அட்வான்ஸ் வாங்கினவர் நேத்து வந்தார். மூடின இடத்தைப் பார்த்துட்டு "யாருக்கா செஞ்சது, லெவலே சரியில்லையே"ன்னார். மாமியார் அதே நாற்காலியில உக்காந்துட்டு "எட்டாயிரம் எங்கப்பா?"ன்னு மட்டும் கேட்டாங்க. ராத்திரி 5,000 ஜிபேயில வந்துச்சு. மீதி மூவாயிரம், டைல்ஸ் பேர்த்த கூலியாம்.