மறு: மயோகார்டியல் டிப்ரஷன் – தமிழில் எது பொருந்தும்?

> ‘இதய அழுத்தக் குறைவு’ என்றால் எல்லோருக்கும் எளிதில் விளங்குமே?

வணக்கம் ஐயா,

விளங்கும், ஆனால் இரத்த அழுத்தம் என்றே விளங்கும். மயக்க வாயுவால் அழுத்தம் இறங்குவது விளைவு. நாம் பெயர் தேடுவது காரணத்துக்கு, அதாவது இதயத்தசையின் சுருங்கும் வலு குறைவதற்கு (மயோகார்டியல் டிப்ரஷன்). ஹாலோத்தேன் என்ற மயக்க வாயுவைக் கொடுக்கும்போது இதயத்தசை செல்களுக்குள் கால்சியம் நுழைவது குறைகிறது. தசை வலுவாகச் சுருங்குவதில்லை, இதயம் வெளியேற்றும் இரத்தம் குறைகிறது. இரத்த ஓட்டத்துக்குக் குழாய்கள் தரும் தடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன், டெஸ்ஃப்ளுரேன் ஆகிய மற்ற மூன்று மயக்க வாயுக்களிலும் வழக்கமான அளவுகளில் வெளியேற்றம் பெரிதாகக் குறையாது. முதன்மையாகக் குழாய்கள் விரிந்துதான் அழுத்தம் விழுகிறது.

மானிட்டரில் இரண்டுக்குமே இரத்த அழுத்தம் 80/50 என்று வரலாம். வாயுவைக் குறைப்பது இரண்டுக்கும் பொது. குழாய் விரிந்திருந்தால் குழாய்களைச் சுருக்கும் ஃபினைலெஃப்ரின் 50–100 மைக்ரோகிராம் போதும். தசை சோர்ந்திருக்கும்போது அதையே கொடுத்தால் எண் ஏறும், இதயத்தின் சுமையும் ஏறும், வெளியேற்றம் இன்னும் குறையும். அங்கே இதயத்தின் சுருக்கத்தையும் வலுவாக்கும் எஃபிட்ரின் 5–10 மி.கி. பொருத்தம். இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டியாக வேண்டும்.

‘தளர்ச்சி’ வேண்டாம்: ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தளர்வது இயல்பு. ‘முடக்கம்’ மிகை, வாயுவை நிறுத்தினால் மீண்டுவிடும். என் பரிந்துரை: சுருங்குதிறன் தாழ்வு, குழாய்த்தடைத் தாழ்வு.

---

> குழாய்த்தடைத் தாழ்வு

வணக்கம். முதல் சொல் மிகச் சரி. இரண்டாவதைப் படிக்கும் மாணவர் அடைப்பு நீங்கியதாக நினைப்பார். ‘எதிர்ப்பு’ என்றால் நோய் எதிர்ப்பு நினைவுக்கு வரும். இது கணக்கிடும் அளவு என்பதால் குழாய்த் தடையளவு எனலாம். நிகழ்வைக் குறிக்கக் ‘குழாய் விரிவு’ போதும். ‘நாளம்’ தவிர்த்தது நல்லது. இலங்கைப் பாடநூல்களில் அது சிரையை மட்டும் குறிக்கும்.

டெஸ்ஃப்ளுரேனுக்கு இன்னொரு சொல் தேவை. வாயுவின் அளவைக் கூட்டும் டயலைச் சட்டென்று 6 விழுக்காட்டுக்கு மேல் திருப்பினால் அழுத்தமும் துடிப்பும் தாவி ஏறும். சற்று நேரத்தில் தணியும். படிப்படியாக ஏற்றினாலோ முன்பே ஃபென்டனில் என்ற வலிநீக்கியைக் கொடுத்தாலோ இது மட்டுப்படும். துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றும் பரிவுநரம்புகள் (சிம்பதெடிக்) திடீரெனத் தூண்டப்படுவதால், இதைப் பரிவுநரம்பு எழுச்சி எனலாமா?

ஹாலோத்தேன் இதயத்தை அட்ரினலினுக்கு எளிதில் துடிப்பு பிறழச் செய்வதை ‘ஒவ்வாமை’ என்று எழுதுவதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். மருத்துவர் அலர்ஜி மருந்தைத் தேடுவார்; பார்க்க வேண்டியதோ தோலடியில் செலுத்திய அட்ரினலின் அளவு. 1:1,00,000 கரைசலில் 10 நிமிடத்துக்கு 10 மி.லி., மணிக்கு 30 மி.லி. என்பதே பெரியவர்களுக்கு வழக்கமான வரம்பு. இதற்கு மிகைத்தூண்டல் நிலை என்று முன்வைக்கிறேன். இதைவிடக் குறுகிய சொல் இருந்தால் எழுதுங்கள்.