மறைநூல் வகுப்புக்குச் சம்மதப் படிவம்: மாதிரி இருக்கிறதா?

அரசு உதவி பெறும் பள்ளிக்கான படிவம் வேண்டும், நண்பர்களே. அரசியலமைப்பின் 28(1) பிரிவு முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளுக்கு. அங்கே சமய போதனையே கூடாது. உதவி பெறும் பள்ளிக்கு 28(3): மாணவர் மைனர் என்றால் காப்பாளர் சம்மதம் கட்டாயம். 'விருப்பமில்லாதவர்கள் மட்டும் எழுதிக் கொடுக்கவும்' என்ற சுற்றறிக்கை இங்கேதான் உதைக்கும். பதில் வராததைச் சம்மதமாக எடுக்க முடியாது.

அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் தந்த தீர்ப்பு சமயங்களைப் பற்றிப் படிப்பதைத் தடுக்கவில்லை. கீதையோ குர்ஆனோ பைபிளோ, பாடமாக அலசலாம். வழிபாடாக மாறினால் வம்பு.

படிவத்தில் எந்த நூல், எந்தப் பீரியட், சம்மதத்தைத் திரும்பப் பெறும் வழி மூன்றும் இருக்கட்டும். சேராத பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைக்காமல் அந்த நேரத்தில் என்ன நடத்துகிறீர்கள்? கால அட்டவணையோடு அனுப்புங்கள். தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது.