ரேடியோக்காரர் கையில் ஏர்ஃப்ளோ மீட்டர்

டோர்ட்முண்டிலிருந்து:

என்னுடையது 1989ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ ஈ30, 325ஐ. முப்பத்தைந்து வயது தாண்டிய கார், எது தேய்ந்தாலும் கோபிக்க நியாயமில்லை. ஆனால் போன வருடம் வந்த வியாதி தூக்கத்தைக் கெடுத்தது. ஐடிலில், அதாவது மிதிக்காமல் ஓடவிட்டால், சாதுவாக நிற்கும். முழுக்க மிதித்தால் பறக்கும். நடுவில் 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று) ஒரே சீராகப் பிடித்தால் மட்டும், யாரோ பின்னாலிருந்து சட்டையை இழுப்பது போல இடறும்.

கராஜில் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றினார்கள். பில் 480 யூரோ. இடறல் அப்படியே இருந்தது. கடைசியில் "பழைய கார்தானே" என்று கையை விரித்துவிட்டார்கள்.

சரி, நானே பார்ப்போம் என்று இறங்கினேன். முதலில், இன்ஜினுக்குப் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டருக்கும், மிதித்தால் திறக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய். அதன் மடிப்புகளில் வெடிப்பு விழுந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே போய் இதே மாதிரிக் கூத்தெல்லாம் காட்டும். மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. மிஞ்சியது அந்த மீட்டர்தான்.

ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டி இருக்கும் அலுமினியக் கூடு அது. உள்ளே ஒரு தட்டு, கதவு மாதிரி. இன்ஜின் இழுக்கும் காற்று அதைத் தள்ளித் திறக்கும், சுருள் ஸ்பிரிங் திரும்ப இழுக்கும். அதே அச்சில் ஒரு மெல்லிய கை, கரி பூசிய பீங்கான் தகட்டின் மேல் உரசிக்கொண்டே போகும். கம்ப்யூட்டர் 5 வோல்ட் கொடுத்து, திரும்ப எவ்வளவு வருகிறது என்று பார்த்துப் பெட்ரோலைத் தீர்மானிக்கும். போஷ் நிறுவனம் 1970களில் எல்-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் முறையோடு கொண்டுவந்த ஏற்பாடு. பிறகு வந்த மோட்ரானிக்கிலும் பல கார்களில் இதுவேதான்.

ஞாயிற்றுக்கிழமை. மீட்டரைக் கழற்றிச் சமையலறை மேசையில் வைத்து, கறுப்பு மூடியைச் சுற்றியிருந்த சிலிக்கோனைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கு வந்திருந்த சித்தப்பா எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"தம்பி, உது வொலியூம் கொன்ரோல் எல்லோ!"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: "சனம் ரேடியோவை எப்பவும் ஒரே சத்தத்திலதான் வைக்கும். அந்த இடத்தில கரி தேயும். பிறகு அதில திருப்பினால் கர்ர் எண்டும்."

அட! நான் வேலைக்குப் போகும் பாதையில் எப்போதும் 2000 சுற்றிலேயே போகிறேன். இத்தனை வருடமும் அந்தக் கை அதே ஒரு சென்டிமீட்டருக்குள் முன்னும் பின்னும் தேய்த்திருக்கிறது.

என் டிஜிட்டல் மல்டிமீட்டரில் முதல் நாளே அளந்து, ஒரு பழுதும் இல்லை என்று நினைத்திருந்தேன். சித்தப்பா தன் பழைய ஊசி மல்டிமீட்டரை எடுத்துவரச் சொன்னார். தட்டை விரலால் மெல்லத் தள்ளினால் ஊசி ஏறுகிறது, மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் தொப்பென்று அடியில் விழுந்து மறுபடி எழுகிறது. டிஜிட்டல் ஒரு எண்ணை விட்டு அடுத்த எண் காட்டுவதற்குள் இந்த விழுகை முடிந்துவிடும்.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் கரித் தடத்தில் பளபளவென்று ஒரு பள்ளம், ஓரிடத்தில் மயிரிழை அளவு வெள்ளைப் பீங்கான். அதை ஒட்டியே, யாரும் தொடாத மங்கிய கறுப்பு. சித்தப்பா சின்ன இடுக்கியால் அந்தக் கையைப் பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அவ்வளவுதான் வளைத்தார். நான் மூச்சுவிடவில்லை. அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைத்தோம். உப்புத்தாள் கொண்டுவரவா என்று கேட்டதற்கு முறைத்தார்.

தட்டு மூடியிருக்கும்போது வரும் வோல்டேஜை வளைப்பதற்கு முன்பே குறித்துவைத்திருந்தேன். பிறகும் அதேதான் வந்தது. ஊசி விழாமல் மேலே போனது. மூடியைத் திரும்ப ஒட்ட, புளிச்ச வாடை அடிக்காத சிலிக்கோன் வாங்குங்கள். அந்த வாடை அமிலம், உள்ளே இருக்கும் செம்பை அரிக்கும்.

லண்டனிலிருந்து:

அண்ணா, உங்களுக்குச் சித்தப்பா இருந்தார், எனக்கு இணையத்து வீடியோதான். 1991 மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 இன்ஜின். என் பிரச்சினை வேறு: சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும், சாவியை விட்டதும் அணையும். இந்த மீட்டருக்குள்ளேயே பெட்ரோல் பம்ப்புக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, தட்டு நகர்ந்தால்தான் பம்ப் ஓடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பம்ப்புக்கு வேறு வழியில் மின்சாரம் வருவதால் அந்த நேரம் மட்டும் உயிர் இருக்கும். ஆல்கஹாலில் நனைத்த தாள் துண்டைச் சுவிட்சின் இரண்டு முனைகளுக்கு நடுவில் வைத்து இழுத்தேன், கறுப்பாக வந்தது. தீர்ந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் பல்சக்கரத்தை, அடையாளம் போடாமல் சுற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங் தளர்ந்தால் தட்டு அதிகம் திறக்கும், காற்று நிறைய வருகிறது என்று கம்ப்யூட்டர் நம்பிப் பெட்ரோலை ஊற்றும். தெரு முழுக்கப் பெட்ரோல் வாடை, பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டிவிட்டார். பழைய பல்லைக் கண்டுபிடிக்க மூன்று வார இறுதிகள் போயின. கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தால் போதும்.

தேய்ந்த கரித் தடத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

கோயம்புத்தூரிலிருந்து:

எங்கள் பக்கம் தட்டு வைத்த மீட்டர் அபூர்வம். என்னிடம் இருப்பது 2009 டீசல் வண்டி, அதில் காற்றை அளப்பது ஹாட் ஃபிலிம் சென்சார். அசையும் பாகமே கிடையாது, சூடான மெல்லிய படலம்தான். மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ஏற்றத்தில் இழுவையே இல்லை. சென்சார் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், முன்னைவிட நன்றாக இழுத்தது. அப்போதே யார் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது.

தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். பையன் கம்ப்ரஸரை எடுத்து நேராக ஏர் அடித்தான். படலம் போச்சு. சும்மா தூசிதான் பிடித்திருந்தது, அதற்கென்றே வரும் கிளீனர் ஸ்ப்ரேயைத் தொடாமல் அடித்துக் காயவிட்டிருந்தாலே தேறியிருக்கும். அதற்கு முன்பு ஆசைப்பட்டு எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போட்டது நான், அந்த எண்ணெயும் போய்ப் படிந்திருக்கலாம். பையனை மட்டும் திட்டமுடியாது.

டோர்ட்முண்டிலிருந்து:

தம்பி, பென்சிலைப் பற்றிச் சித்தப்பாவிடமே கேட்டேன். அந்தக் காலத்தில் ரேடியோவுக்குச் செய்ததுண்டாம், கொஞ்ச நாளில் உதிர்ந்து திரும்பக் கர்ர் என்னுமாம். ரேடியோவில் சத்தம் கொஞ்சம் கூடிக் குறைந்தால் யாருக்கும் நட்டமில்லை. காரில் தடத்தின் ரெசிஸ்டன்ஸ் மாறினால் பெட்ரோல் கணக்கே மாறிவிடும். கையை வளைத்துப் புதுத் தடத்தில் விடுங்கள்.

என் காரும் அதற்குப் பிறகு 4000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. சித்தப்பா முன் சீட்டில் ஏறினால் இப்போதெல்லாம் பெல்ட் போடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறார்: "இரண்டாயிரத்தில பிடி, கேட்பம்."